ஸ்கோரை யார் சொல்வது?

ஊர் மாறுகிறவர்கள் முதலில் வீடு பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வீடு பார்ப்பார்கள். நான் டேபிள் டென்னிஸ் மேசை பார்க்கக் கிளம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

என் நாத்தனார் சிரிக்கவில்லை, முறைத்தார். புது ஊரில் இருக்கும் ஒரே சொந்தம் அவர்தான். கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எனக்கும் என் மகளுக்கும் வழி காட்ட ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

"ஸ்கூல்னா ரிசல்ட்டைக் கேப்பாங்க, ஃபீஸைக் கேப்பாங்க. எவளாவது மேசையைக் கேப்பாளா?"

"நான் கேப்பேன் அண்ணி."

"தம்பி உன்னைத் தலைல தூக்கி வெச்சு ஆடறான். அதான் உனக்கு இவ்வளவு ஏத்தம்."

ஏற்றம்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள் நான். இந்த ஊரில் கம்பெனி புதிதாகக் கிளை திறக்கிறது, அதில் தரம் பார்க்கும் பிரிவு முழுவதையும் உன் பொறுப்பில் தருகிறோம் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழில். "ஃப்ரிட்ஜ் எந்த ஊர்லயும் கெட்டுப்போகும், நீ சரின்னு சொல்லு" என்றார். மூத்தவனுக்கு உதைக்க ஒரு பந்தும் ஓட ஒரு மைதானமும் இருந்தால் போதும். நான் தயங்கியது சின்னவளுக்காக.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் திறந்தால் ஆரம்பிப்பாள், தூங்கும்வரை ஓடும். ஆனால் வாசற்படி தாண்டினால் அந்த ரேடியோவை யாரோ அணைத்துவிடுவார்கள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து டீச்சரிடம் ஒரு வார்த்தை இல்லை, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் பார்த்தார், குரலில் குறை இல்லை, அவசரப்படுத்தாதீர்கள் என்றார். யார் எது கேட்டாலும் நானே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். பெயர் கேட்டால் பெயர், வயது கேட்டால் வயது, பசிக்கிறதா என்று கேட்டால் பசி.

அவள் வாயைத் திறக்க வைத்தது எங்கள் தெருமுனை டேபிள் டென்னிஸ் கூடம். அங்கே ஒரு வழக்கம். சர்வீஸ் போடுகிற பிள்ளை ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பந்தைப் போட வேண்டும். சொல்லாமல் போட்டால் பாயிண்ட் எதிராளிக்கு. என் மகள் வாயைத் திறக்காமலே எத்தனையோ ஆட்டம் தோற்றாள். தோற்றுத் தோற்று ஒருநாள் ஆத்திரம் பொறுக்காமல், "பூஜ்யம்-அஞ்சு" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு வெளியுலகத்தில் ஒரு பாஷை உண்டு. அதில் எண்கள் மட்டும்தான். ஆனால் சத்தமான எண்கள்.

என் பதவி உயர்வு அந்த எண்களையும் பிடுங்கிக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். அப்படி ஒரு கூடம் இங்கே கிடைக்காவிட்டால் அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன்பே ஊரில் உள்ள பள்ளிகளுக்கெல்லாம் ஃபோன் போட்டேன். டேபிள் டென்னிஸ் இருக்கிறதா என்றால், இருக்கிறது என்பார்கள். சர்வீஸ் போடும்போது ஸ்கோரை யார் சொல்வார்கள் என்றால், எதற்குக் கேட்கிறீர்கள் என்பார்கள். ஒரு அம்மாள் "ராங் நம்பர்" என்று வைத்தேவிட்டார். கடைசியில், நேரில் வந்து பாருங்கள் என்ற இரண்டு பள்ளிகள் தேறின.

முதல் பள்ளி நாத்தனாருடைய தேர்வு. வாசலிலேயே செயற்கை நீரூற்று. எங்களைச் சுற்றிக் காட்ட வந்தவர் டை கட்டியிருந்தார். நூலகம் காட்டினார், நீச்சல் குளம் காட்டினார். நான் கழிப்பறை காட்டுங்கள் என்றேன். சட்டையின் மேல்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகத் தைப்பார்கள், உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் லட்சணம் தெரியும். அது என் தொழில் புத்தி. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். கழிப்பறை பளிச்சென்று இருந்தது, குறை சொல்ல முடியாது.

விளையாட்டுக் கூடமும் அப்படித்தான். குளிரூட்டிய அறை, வரிசையாக நீல மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் சுவரில் சிவப்பு எண்கள் ஒளிரும் பலகை. பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து படும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பயிற்சியாளர் கையிலிருந்த ரிமோட்டை அமுக்க அமுக்க எண்கள் மாறின.

"ஸ்கோரைப் பிள்ளைங்க சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தேவையே இல்ல மேடம்" என்றார் டை கட்டியவர், பெருமை பொங்க. "இங்க யாரும் வாயைத் திறக்கவே வேண்டாம்."

என் மகள் அந்தப் பலகையை ஆசையாகப் பார்த்தாள். அவள் இங்கே சந்தோஷமாக, வசதியாக, ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"இந்த ஸ்கூல்ல சீட்டுக்கு ஜனங்க தவம் கெடக்கறாங்க" என்றார் நாத்தனார், தெருவிலேயே நின்றுகொண்டு. "நீ என்னடான்னா, லைட்டு எரியுதுன்னு வேண்டாங்கற."

"ஆமா அண்ணி. லைட்டு எரியுதுன்னுதான் வேண்டாங்கறேன்."

இரண்டாவது பள்ளியின் விளம்பரப் படத்தில் அழகான மேசை ஒன்று இருந்தது. நேரில் போனால் மேசையும் இருந்தது, பொய் சொல்லவில்லை. அதன்மேல் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வலையை ஜன்னலுக்குத் திரையாகக் கட்டியிருந்தார்கள்.

நாத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். கேட்டருகே வந்ததும் காவலாளியிடம், இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் டேபிள் டென்னிஸ் ஆட வேறு இடம் உண்டா என்று கேட்டேன். கேட்பதற்குக் காசா பணமா.

"கண்டக்டரம்மாகிட்ட போங்க" என்றார் அவர். "பஸ் டெப்போ பின்னாடி. சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிச்சுடலாம்."

அவர் சொன்னது சரி. டெப்போவைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பியதுமே கேட்டது. "ஏழு-ஆறு!" "பத்து-எட்டு!" தகரக் கூரை போட்ட பெரிய அறை, பஸ் தொழிலாளர்கள் ஓய்வெடுக்கிற இடம். மூலையில் இரண்டு பேர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலில் எப்படித் தூக்கம் வந்ததோ. நடுவே இரண்டு பழைய மேசைகள். ஒன்றுக்கு ஒரு கால் குட்டை, அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். காக்கிச் சட்டையை மாற்றாமலே நின்ற கண்டக்டரம்மாவுக்கு, அடுத்த ஸ்டாப்புக்கே கேட்கிற குரல். டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக இங்கே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம்.

"பேரென்ன பாப்பா?" என்றார்.

நான் சொன்னேன்.

"உங்களையா கேட்டேன்?"

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பாவப்படவில்லை, அது எனக்குப் பிடித்தது.

"பேச வேண்டாம். ஆனா ஸ்கோர் சொல்லணும். சொல்லாம போட்டா பாயிண்ட் போச்சு. இங்க அதான் சட்டம்."

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணை எதிரே நிறுத்தினார். என் மகள் மட்டையை வாங்கிக்கொண்டு மேசை முன்னால் போய் நின்றாள். முதல் சர்வீஸ் அவளுடையது. உதடு அசைந்தது.

"கேக்கல" என்றார் கண்டக்டரம்மா.

"பூஜ்யம்-பூஜ்யம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் தூசி என்பார்.

ஆட்டம் சூடு பிடித்தது. என் மகள் நாலு-ரெண்டு என்று முன்னால் இருந்தாள். அப்படித்தான் நான் எண்ணியிருந்தேன். கடைசியாக அந்தப் பெண் ஓங்கி அடித்த பந்து மேசையில் படாமல் நேராகத் தரையில் விழுந்தது. கண்டக்டரம்மா அப்போது அடுத்த மேசையில் ஒருத்திக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சர்வீஸ் இரட்டைப் பின்னலுக்கு வந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மூணு-மூணு" என்றாள், கணீரென்று.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது எப்படிம்மா" என்று வாயைத் திறந்தேன். நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நீ பேசாம இரு."

காலையிலிருந்து ஒரு நிமிஷம் பேசாமல் இருக்காத மனுஷி அதைச் சொன்னார். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

என் மகள் பந்தைத் திருப்பி அடிக்கத் தயாராகவில்லை. மட்டையை மேசைமேல் வைத்தாள். எதிராளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். எப்போதும் பேசுகிறவள்தானே நான். நாத்தனாரின் பிடி இன்னும் இறுகியது. நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு-நாலு" என்றாள் என் மகள்.

"மூணு-மூணு."

"இல்ல. அந்தப் பந்து மேசைல படல. நேரா கீழ விழுந்துது. நான் பார்த்தேன்."

எண் இல்லை. வாக்கியம். வாசற்படிக்கு வெளியே அவள் பேசிய முதல் வாக்கியம், அதுவும் ஒன்றல்ல, வரிசையாக.

"ஓரத்துல பட்டுச்சு."

"பட்டிருந்தா டப்புன்னு சத்தம் கேக்கும். கேட்டுச்சா? நீ பொய் சொல்ற."

"அக்கா, இவ என்னைப் பொய் சொல்றேங்கறா" என்று இரட்டைப் பின்னல் முறையிட்டாள்.

"நான் பார்க்கலை" என்றார் கண்டக்டரம்மா, திரும்பாமலே. "சண்டை போட்டு நீங்களே தீத்துக்குங்க."

தீர்த்துக்கொண்டார்கள். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எங்கள் வீட்டு ரேடியோ முழுச் சத்தத்தில் ஓடியது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தொப்பியை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கடைசியில் அந்தப் பாயிண்ட்டை மறுபடி ஆடுவது என்று முடிவானது. ஆடினார்கள், என் மகள்தான் ஜெயித்தாள். ஆனால் ஆட்டம் முழுவதையும் ஜெயித்தது இரட்டைப் பின்னல். அதற்கும் ஒரு சண்டை.

நான் கண்டக்டரம்மாவிடம் போய், பக்கத்தில் பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"தெருக்கோடில ஒண்ணு இருக்கு. பெருசா ஒண்ணும் இருக்காது. இங்க வர்ற புள்ளைங்க பாதிக்கு மேல அங்கதான் படிக்குதுங்க."

"கழிப்பறை எப்படி?"

"நாளைக்குப் போய்ப் பாருங்க. சரியில்லைன்னா சத்தம் போடுங்க. உங்களைப் பார்த்தா போடுவீங்கன்னுதான் தோணுது."

போடுவேன். சரியாகும்வரை தினமும் போய்ப் போடுவேன். அங்கிருந்தே மேனேஜருக்கு ஃபோன் போட்டு, வேலைக்கு வருகிறேன் என்றேன். அடுத்ததாக வீட்டுக்காரருக்கு.

"ஸ்கூல் கெடைச்சுதா?" என்றார் எடுத்ததும்.

"நாளைக்குப் பார்க்கறேன். நீங்க டெப்போ பக்கம் வீடு விசாரிங்க. பஸ் சத்தம் இருந்தாலும் பரவால்ல."

எனக்குப் பின்னால் இரட்டைப் பின்னல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உன் பேரென்ன?" என்று கேட்பது காதில் விழுந்தது. பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

என் மகள் தன் பெயரைத் தானே சொன்னாள். அந்தக் கூச்சலில் எதிராளிக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.