ஆணியில் தொங்கிய பாட்டில்

அந்தத் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. எல்லாருக்கும் அவர் சரியண்ணன். எதைக் கேட்டாலும் முதலில் "சரி" என்றுவிட்டு, அப்புறம்தான் என்ன கேட்டார்கள் என்று யோசிப்பார். தரை துடைக்கும் திரவமும் கழிப்பறை கழுவும் திரவமும் தயாராகிற இடம் அது. இருபது வருஷமாக ஸ்டோர் அவர் பொறுப்பு, சாவிக்கொத்து அவர் இடுப்பில். மாதம் பிறந்தால் முதலுதவிச் சாமான்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பஞ்சுக்கு நேரே சரி, கத்தரிக்கோலுக்கு நேரே சரி, கண் கழுவும் பாட்டிலுக்கு நேரே சரி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதி முடிப்பவரும் அவர்தான்.

அந்தச் சரியெல்லாம் இனிமேல் செல்லாது என்று சொல்லிவிட்டார் சோதனைக்கு வந்த பாதுகாப்பு அதிகாரி. எட்டு மாதத்துக்கு முன்னால் கலவைப் பிரிவில் காஸ்டிக் காரம் தெறித்து ஒருவனுக்கு இடது கண் போயிருந்தது. இத்தனை பேர் வேலை செய்கிற இடத்துக்குச் சுவர்ப் பெட்டி போதாது, தனியாக முதலுதவி அறை வேண்டும், அதில் இன்னின்ன சாமான் இருக்கவேண்டும் என்று நாலு பக்கத் தாளை நீட்டி, மூன்று வாரம் கெடு வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் அந்தத் தாளை அப்படியே சரியண்ணன் மேஜையில் வைத்தார்.

"உங்கள விட்டா இதுக்கு யாருண்ணே இருக்கா?"

"சரி."

கண்ணைப் பறிகொடுத்தவன் வேறு யாருமில்லை. சரியண்ணனுடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

பழைய அட்டைப்பெட்டிக் கிடங்கை ஒழித்து அறை தயாரானது. வெள்ளையடித்து, கையால் தொடாமல் முழங்கையாலேயே திறக்கிற குழாய் வைத்து, தண்ணீர் ஒட்டாத விரிப்போடு கட்டில் போட்டார்கள். மூன்று அகலத்தில் கட்டுத்துணி, கையுறை, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் சிம்பு, எல்லாம் வரிசையாக வந்து அடுக்கில் உட்கார்ந்தன. ஸ்ட்ரெச்சர் வந்த அன்றுதான் வேடிக்கை. அது வாசலில் நுழையவே மாட்டேன் என்றது. நேராக வைத்தாலும் இடித்தது, சாய்த்தாலும் இடித்தது. "அடிபட்டவன எழுப்பி நடக்கவச்சுத்தான் உள்ள கொண்டுபோகணும் போல" என்றான் வாட்ச்மேன். நிலையைப் பெயர்த்து அகலக் கதவு போட ஆசாரி வந்தார்.

"பூட்டு எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டார் ஆசாரி.

"பூட்டு வேணாம்!"

சரியண்ணன் போட்ட சத்தத்தில் ஆசாரியின் கையிலிருந்த அளவுநாடா சுருண்டு ஓடிவிட்டது. வேலை நேரத்தில் அறையைப் பூட்டக்கூடாது என்று தாளில் இருப்பதாக அவர் பிறகு தணிந்த குரலில் விளக்கினார். தாளில் இருந்தது உண்மைதான். ஆனால் தாளில் இருப்பதற்கெல்லாம் யாரும் இப்படிக் கத்துவதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அறையைப் பார்க்க ஆட்கள் வந்து வந்து போனார்கள். பேக்கிங்கில் வேலை செய்கிற அக்கா தலைவலி மாத்திரை கேட்டாள். மாத்திரை எதுவும் வைக்கக்கூடாது என்பது விதி என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு செலவு பண்ணி ஒரு மாத்திரைகூட இல்லையா? நல்லா இருக்கு போங்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு…"

சொல்லி முடிக்குமுன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூலையில் கட்டுத்துணியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அந்தத் தம்பிதான். நாலு நாள் பயிற்சிக்கு அனுப்பி, இந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"பாதிக் கண்ணுதானேக்கா கெட்டுச்சு, பாதி நமஸ்காரம் பண்ணிக்கலாம்" என்று அவனே சிரித்தான். அக்காவும் அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். சரியண்ணன் மட்டும் சிரிக்க முடியாமல், ஏற்கனவே நேராக இருந்த விரிப்பை இழுத்து நேராக்கினார்.

நடந்தது இதுதான். போன வெயில் காலத்தில் கலவைப் பிரிவு ஆட்கள் கண் கழுவும் பாட்டிலை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் பீச்சியடித்து விளையாடினார்கள். இரண்டு தடவை கத்திப் பார்த்தார் சரியண்ணன். மூன்றாம் தடவை பாட்டிலை அது தொங்குகிற சுவர் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். பட்டியலில் சரி எழுதும்போது மனசு உறுத்தவும் இல்லை. பாட்டில் இருக்கிறதா, இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று பட்டியல் கேட்கவில்லையே!

காஸ்டிக் தெறித்தபோது அவர் கேட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். அலறல் கேட்டு ஓடிவருவதற்குள், கண்ணைத் திறக்க முடியாமல் சுவரெல்லாம் தடவி ஓய்ந்தவனை யாரோ வெளிக் குழாயடிக்கு இழுத்துப் போயிருந்தார்கள். சரியண்ணன் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். ஸ்டோர் வாசலில் இடப்பக்கம் திரும்பினால் குழாயடி. வலப்பக்கம் திரும்பினால் ஆணி. கையில் பாட்டிலோடு ஒரு கணம் நின்றார். கால் வலப்பக்கம் திரும்பியது.

விசாரணை அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: "கண் கழுவும் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் உரிய இடத்தில் இருந்தது. தொழிலாளி பதற்றத்தில் அதை எடுக்கத் தவறினார்." அதை வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். "கொஞ்சம் பதறாம இருந்திருக்கக் கூடாதாடா?" என்று தம்பியின் தலையைத் தடவி அழுதாள் கூடப்பிறந்த அக்கா. பக்கத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்துவிடலாம். அந்தச் சோற்றை அப்புறம் தினமும் தானே தின்னவேண்டும், அதுதான் கஷ்டம்.

கண்ணைவிட அதிகமாக வேறொன்று தம்பியிடமிருந்து போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் போய்ப் பார்ப்பான். மகளை வண்டியில் ஏற்றமாட்டான். "கண்ணு போனது போகட்டும் மாமா, ஒரு கண்ணால பொழச்சுக்கலாம். எதிர்ல இருந்தத எடுக்கத் தெரியாத கை இது. இத நம்பிப் பிள்ளையை எப்படி ஏத்துறது?" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தார் சரியண்ணன். மறுநாளும் அதையேதான் நினைத்தார். வேலை போகும், போகட்டும். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

அதிகாரி மறுபடி சோதனைக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் போனபின், கலவைப் பிரிவின் ஆணியில் புதுப் பாட்டிலை மாட்டினார் சரியண்ணன். பழைய ஆணிதான், பழைய இடம்தான். தம்பி வந்து நின்று பார்த்தான்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கலவைத் தொட்டியருகே போய் நின்றான். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான். கையை நீட்டியபடி நடந்தான். சுவர் தட்டியது. விரல்கள் இடப்பக்கமாக ஊர்ந்து பாட்டிலைப் பிடித்தன. திரும்பவும் மாட்டிவிட்டுத் தொட்டிக்குப் போனான். இந்தத் தடவை தலை சுற்றுகிற மாதிரி நாலு தரம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஓடிவந்தான். கிடைத்தது. மூன்றாம் தடவையும் கிடைத்தது.

மூச்சிரைக்கப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மூணு தரமும் கிடைக்குது மாமா. அன்னிக்கும் இதே சுவரத்தான் தடவுனேன். இந்த ஆணியக்கூடத் தொட்டேன்னு ஒரு ஞாபகம். ஆணி விரல்ல குத்துச்சு. எரிச்சல்ல கனவு மாதிரி எதையோ நெனச்சுக்கறேன்னு டாக்டர்கிட்டகூடச் சொல்லல. எப்படி மாமா கிடைக்காம போச்சு?"

சும்மா இருந்திருந்தால் அந்தக் கேள்வியும் அப்படியே போயிருக்கும். இத்தனை நாள் போகவில்லையா? ஆனால் ஆணி குத்தியது என்று அவன் சொன்ன வார்த்தை அவரைக் குத்திவிட்டது.

"அன்னிக்கு அது அங்க இல்ல மாப்ளே."

"என்ன மாமா?"

"ஆணியில பாட்டில் இல்ல. அலமாரியில இருந்துச்சு. பூட்டி வச்சது நான். உன்னக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போனப்புறம் கொண்டுவந்து மாட்டுனதும் நான்தான்."

அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவனோ பாட்டிலைக் கையில் பிடித்தபடியே முதலுதவி அறைக்குப் போய்ப் புதுக் கட்டிலில் உட்கார்ந்தான். விரிப்பு மொறமொறத்தது. பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தான்.

"அப்போ என் கை சரியாத்தான் தேடியிருக்கு."

அதைச் சொன்னதும் அழ ஆரம்பித்தான். போன கண்ணிலும் தண்ணீர் வந்தது. சரியண்ணன் அகலமான புதுக் கதவின் நடுவில் நின்றார். உள்ளே வர அவருக்குத் தைரியமில்லை.

வெகுநேரம் கழித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அக்காகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

"சரி."

"அந்தச் சரி வேணாம் மாமா."

எழுந்து போய் அடுக்கிலிருந்து விபத்துப் பதிவேட்டை எடுத்து, தன் விபத்து எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தான். பேனாவை மேலே வைத்தான். சரியண்ணன் உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் ஒரே வார்த்தையை எழுதிப் பழகிய கை, முழு வாக்கியத்துக்குத் திணறியது. பாட்டில் அன்று ஆணியில் இல்லை, நான் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன் என்று எழுதி, தேதி போட்டு, "படிக்கட்டுமா?" என்றார்.

"எனக்குத்தான் ஒரு கண்ணு இருக்கே. நானே படிக்கிறேன்."

வலது கண்ணுக்கு நேராகத் தாளைத் திருப்பி, தலையைச் சாய்த்துப் படித்தான்.

"பூட்டுனது இருக்கு. அப்புறம் கொண்டுபோய் மாட்டுனது?"

சரியண்ணன் பேனாவை எடுத்து அதையும் எழுதினார். கீழே சரிபார்த்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. இந்த அறையின் பொறுப்பாளன் என்ற முறையில் அவன் அதில் கையெழுத்துப் போட்டான். பிறகு கட்டிலிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, மாமாவைத் திரும்பிப் பார்க்காமல், ஆணியில் மாட்டப் போனான்.