கூண்டுக்குள் ஐந்நூறு ஷெல்

கூண்டுக்குள் ஷெல் திறக்கவில்லை என்று காலை ஒன்பதரைக்குச் சொன்னார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எனக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான்.

நாங்கள் வேலை பார்ப்பது குடிநீரைச் சோதிக்கும் நிலையத்தில். மேல்மாடியில் சீசா சீசாவாகத் தண்ணீரைச் சோதித்து எண்களை அனுப்புவார்கள். எந்தப் பகுதித் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று அந்த எண்களிலிருந்து முடிவு சொல்லும் புரோகிராம்களைக் கீழே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். புதிதாக எழுதிய எதையும் நேராக ஓட விடமாட்டோம். சர்வருக்குள்ளேயே நாலு பக்கமும் அடைத்துவைத்த ஓர் இடம் உண்டு. உள்ளே எது உடைந்தாலும் வெளியே தெறிக்காது. அதைத்தான் கூண்டு என்போம். கூண்டுக்குள் போனால் ஷெல் திறக்கும். கட்டளையைத் தட்டினால் பதில் சொல்கிற கறுப்புத் திரை. அன்றைக்கு அது திறந்த வேகத்தில் செத்து, ஆளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

கூண்டைக் கட்டியவன் என் தம்பி. அவனுக்கு ஐம்பது ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வயதில் நான் மூத்தவள், மூளையில் அவன் மூத்தவன். அவன் எதிரில் இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவன் போன மாதம், முந்தைய நாள் முடிவுகளை அன்றைய முடிவுகள் என்று அனுப்பப் பார்த்தான். மேல்மாடிக்காரர்கள் கடைசி நிமிஷத்தில் பிடித்துவிட்டார்கள். தூக்கம் இல்லை, அதுதான் என்று மென்று விழுங்கினான். நானும் நம்பினேன்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கெடு. வாயைத் திறந்தால் கெடுதான் வரும். அன்றும் வந்தது.

"மூணு மணிக்குள்ள காரணம் எழுதி என் மேஜையில இருக்கணும்மா. உங்க தம்பி வேலையா இருந்தா மறைக்காதீங்க. இன்னொரு தடவைன்னா அவரை நான் இங்க வச்சுக்க முடியாது."

"அவன் வேலையா இருக்காது சார்" என்றேன். இன்னும் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாயைக் கொடுத்தாகிவிட்டது, இனி நிரூபித்தாக வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். டிஸ்க் நிரம்பியிருக்குமா? பாதிக்கு மேல் காலி. யாராவது அப்டேட் போட்டார்களா? இரண்டு வாரமாக ஒன்றும் இல்லை. ஷெல்லுக்கு வேண்டிய கோப்புகள் ஏதாவது காணாமல் போயிற்றா? எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒவ்வொன்றாக இல்லை என்று ஆக ஆக எனக்கு எரிச்சல் ஏறியது. யந்திரத்தின் தப்பு என்று ஒன்று கிடைத்தால் போதும், கும்பிட்டு எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

பதினொன்றரைக்கு, சர்வர் எழுதிவைக்கிற பதிவுகளில் அது அகப்பட்டது. ஒருவர் உள்ளே போனால் ஒரு ஷெல் திறக்க வேண்டும். ஐந்நூறு திறந்திருந்தது. கூண்டுக்குத் தம்பி வைத்திருந்த வரம்பு ஐந்நூறு. அதைத் தொட்டதும் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டது.

ஷெல் திறக்கும்போதெல்லாம் ஒரு தொடக்கக் கோப்பைப் படிக்கும். ஷெல்லைத் திற என்று அந்தக் கோப்பிலேயே யாராவது எழுதிவைத்தால், திறந்த ஷெல் மறுபடி அதே கோப்பைப் படிக்கும், மறுபடி ஒன்றைத் திறக்கும், அதுவும் படிக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற அசட்டுத்தனம் இது. இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையில் ஊறியவன் செய்ய மாட்டான். வேறு எவனோ உள்ளே போயிருக்கிறான், மாட்டினான் என்று நினைத்தேன்.

ஷெல்லைத் திறக்காமல், வெளியிலிருந்தே அந்தக் கோப்பை மட்டும் எடுத்துப் படித்தேன். நேற்று மாலை ஆறு மணிக்குக் கடைசியாகத் திருத்தியிருந்தது. திறந்ததும் திரையில் காட்டு என்ற கட்டளையோடு வரிவரியாக இருந்தது.

முடிவுகளை அனுப்புமுன் தேதியைப் பார். இரண்டு தடவை பார்.

மேலாளரை நேரில் கெடு என்று கூப்பிட்டுவிடாதே.

வண்டி பின்பக்கம் நிற்கிறது. முன்பக்கம் தேடாதே.

மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மறுபடி கேட்காதே.

மாமா இறந்துவிட்டார். எப்படி இருக்கிறார் என்று அக்காவிடம் கேட்காதே.

அதற்குக் கீழே, கடைசி வரியாக, ஷெல்லைத் திற.

மாமா என்று அவன் கூப்பிட்டது என் வீட்டுக்காரரை. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு கேன்டீனில், தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்து, "மாமாவுக்குச் சுகர் இப்ப கன்ட்ரோல்ல இருக்காக்கா?" என்று கேட்டான். "உனக்கு மூளை இருக்காடா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு எழுந்து போனேன். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை போட்ட பெருமையில் திரிந்தேன். நான் கேட்ட அந்தக் கேள்வியை நினைத்து இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது, பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"படிச்சுட்டியா?"

"இதை இங்கதான் வைக்கணுமாடா?"

"பேப்பர்ல எழுதினா பேப்பரை எங்க வச்சேன்னு மறந்துடுது. போன்ல இருந்தா யாராவது பார்த்துடுவாங்க. கூண்டுக்குள்ள என் லாகின்ல என்னைத் தவிர யார் வர்றா? தினமும் காலையில திறந்தா கண்ணுல படும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "படிச்சு முடிச்சதும் சுத்தமா ஒரு ஷெல் வேணும்னு தோணுச்சு. எழுதும்போது சரியாத்தான் பட்டதுக்கா."

"டாக்டர்?"

"பார்த்து நாலு மாசமாச்சு. ஞாபகம் இறங்கிக்கிட்டேதான் போகுமாம், ஏறாதாம். வீட்டுல அவகிட்ட சொல்லிட்டேன். நீ அப்பதான் மாமாவைப் பறிகொடுத்துட்டு நின்னே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்கு அழக்கூட வரவில்லை. கோபம் எங்கே போயிற்றோ, அதுவும் வரவில்லை. கடைசி வரியை அழித்தேன். "அப்டேட்ல கோளாறுன்னு எழுதிடறேன். யாருக்குத் தெரியப் போகுது? பூசி மெழுக எனக்குத் தெரியாதா?"

"வேண்டாம்."

"வேலை போயிடும்டா."

"போகட்டும். நாலாயிரம் வீட்டுக்குப் போற தண்ணி இது. நாளைக்கு நான் தேதியை மாத்தி அனுப்பி, யார் வீட்டுக் குழந்தையாவது குடிச்சுட்டா? நான் சொல்றேன், நீ எழுது."

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கே தவறு, எப்படிப் பெருகியது, வரம்பு எப்படி வெளியே இருந்ததைக் காப்பாற்றியது, எல்லாவற்றையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னான். தவறு செய்தவர் என்ற இடத்தில் என் கை நின்றது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அவனே தன் பெயரைத் தட்டினான்.

கெடு அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "விடுப்புக்கு நான் எழுதிடறேம்மா. அவர் லாகினை மட்டும் நீங்களே மூடிடுங்க, வேற யாரும் செய்ய வேண்டாம்" என்றார். எத்தனை மணிக்குள் என்று மட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் மூடினேன். கட்டளையில் ஓர் எழுத்து விட்டுப்போனதை அவன்தான் திருத்தினான். அந்த ஐந்து வரிகளையும் ஒரு தாளில் எழுதி அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை நான் படியேறும்போதே போன் அடித்தது. தம்பி.

"அக்கா, எங்க இருக்கே? கூண்டுக்குள்ள போகவே முடியல. பாஸ்வேர்டே எடுக்க மாட்டேங்குது. யாரோ கைவச்சிருக்காங்க. கெடு வர்றதுக்குள்ள வந்து பாரேன்."

தன் மனைவி எழுவதற்குள் கிளம்பி வந்திருக்கிறான். வாசல் காவலாளிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, வழக்கம்போல வணக்கம் வைத்து உள்ளே விட்டிருக்கிறார். அவன் இடத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தான். நேற்று நான் தாளை வைத்த சட்டை அல்ல.

"நான்தான்டா மூடினேன்" என்றேன்.

"நீயா? ஏன்க்கா?"

பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். ஷெல், ஐந்நூறு, அந்த வரிகள், டாக்டர், எல்லாம். வேறு யாருக்கோ நடந்தது போலத் தலையாட்டிக் கேட்டான். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழாதக்கா" என்றான். "லாகின் பிரச்சினைதானே? ரெண்டு பேரும் உட்கார்ந்தா மதியத்துக்குள்ள சரி பண்ணிடலாம்."