மார்க் பத்தலையாம்

பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு ஒன்பது வருட அனுபவம். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பல்லி. அவள் வேலை முடிந்து உள்ளே வந்தாலே, "பல்லி வந்துட்டா, எல்லாரும் வாயை மூடுங்க" என்பான்.

பட்டறை முதலாளியம்மாதான் முதலில் பேச்செடுத்தார். "பட்டம் இருந்தா நீயே தனியா பட்டறை வைக்கலாம். கையில இவ்வளவு வேலையை வச்சுக்கிட்டு ஏன் சும்மா இருக்கே?"

பல் செட் தொழிலுக்கான பட்டப்படிப்பு ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி இருந்த கல்லூரியில் மட்டும்தான் இருந்தது. அதுவும் அவர்கள் குடியேறியிருந்த நாட்டின் மொழியில். அந்த மொழியில் அவள் காய்கறி வாங்குவாள், வழி கேட்பாள், கோபம் வந்தால் சண்டைகூடப் போடுவாள். பரீட்சை எழுத முடியுமா? நம் மொழியில் படிப்பதென்றால் தபால் வழியில் வணிகவியல்தான் கிடைக்கும். பல்லுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

"அங்க வாத்தியார் ஜோக் அடிச்சா, எல்லாரும் சிரிச்சு முடிச்சு டீ குடிக்கப் போனப்புறம்தான் உனக்குப் புரியும்" என்றான் அண்ணன். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பியதும், நுழைவுத் தேர்வுக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வீட்டுச் சொந்தக்காரரோடும் வங்கியோடும் குடும்பத்துக்காகப் பேசுவது அவன்தான். படிவத்தில் அவன் போன் எண்ணையே கொடுத்தாள். பேசுபவரின் முகத்தைப் பார்த்தால்தான் அந்த மொழி அவளுக்குப் பிடிபடும். வெறும் காதை வைத்துக்கொண்டு போனில் என்ன செய்வது?

உங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றை விளக்கி எழுதுங்கள் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். கீழ்ப்பல் செட் ஏன் ஆடுகிறது என்று எழுதினாள். நாக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, தள்ளிக்கொண்டே இருக்கும் என்று எழுதினாள். இலக்கணம் நொண்டியடித்தது.

மூன்று வாரம் கழித்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே அண்ணன் சொன்னான்: "மார்க் பத்தலையாம்."

"எவ்வளவு கம்மி?"

"அதெல்லாம் சொல்லல. விடு. அவங்க பிள்ளைங்களே அங்க திணறுது."

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "போகட்டும்மா."

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஏற்கெனவே தெரிந்த சேதியைக் கேட்டதுபோல் இருந்தது. அண்ணன் சொன்னபடியே தபால் வழி வணிகவியலில் சேர்ந்தாள். அந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போனாள். கடையில் முன்பு பெயர் சொல்லிக் கேட்ட பொருட்களையெல்லாம் விரலால் சுட்டிக்காட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் பட்டறையைப் பார்க்க அந்தக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். கூட வந்த பேராசிரியை அவள் மேசைக்கு அருகே நின்று, கீழ்ச் செட்டை ஏன் உள்பக்கம் இவ்வளவு இழைக்கிறீர்கள் என்று கேட்டார். நாக்குக்கு இடம் விட வேண்டும், அது சும்மா இருக்காது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அந்த அம்மாள் அவளை உற்றுப் பார்த்தார்.

"போன வருஷம் தேர்வுல இதை எழுதினது நீங்கதானே? உங்க இடத்தை ரெண்டு வாரம் வச்சிருந்தோமே. உங்க மொழியிலயே படிக்க முடிவு பண்ணிட்டீங்கன்னு உங்க அண்ணன் போன்ல சொன்னாரே."

அத்தனையும் அந்நிய மொழியில். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நான் பாஸாமே."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

அம்மா குழம்புப் பாத்திரத்தை மூடினாள். "நீ போயிட்டா என்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறது? அவன் வேலைக்குப் போறவன்."

"நானும் வேலைக்குத்தாம்மா போறேன்."

"அங்க போய் தோத்து அழுதுட்டு வருவியேன்னுதான்..." என்றான் அண்ணன்.

"தோத்திருந்தா அது என் தோல்வி. அதைக்கூட நீ எனக்குக் கொடுக்கலையே. ஒரு வருஷமா நான் மக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் அண்ணா. நீ எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே அதைப் பார்த்துக்கிட்டிருந்தே."

அவன் கை சோற்றிலேயே நின்றது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இடம் போனது போனதுதான். படிப்பதென்றால் மறுபடி தேர்வு எழுத வேண்டும். வெறும் ரோஷத்தில் போகிறேனா என்று அவளுக்கே பயமாக இருந்தது. ரோஷம் முதல் பரீட்சையோடு தீர்ந்துவிடும், படிப்போ நான்கு வருடம். பேராசிரியையிடம் முதல் வருடப் புத்தகத்தைக் கடன் வாங்கினாள். முதல் பக்கத்தில் பதினேழு சொற்கள் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது பக்கத்தில் தாடையைப் பற்றிய பாதித் தவறான விளக்கம் ஒன்று இருந்தது. அது தவறு என்று படித்தவுடனே அவளுக்குத் தெரிந்தது. பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அன்றே முடிவு செய்தாள்.

தேர்வு எழுதினாள், இடம் கிடைத்தது. அம்மாவின் ஆஸ்பத்திரி தேதிகளை எழுதி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள். முதல் பருவத்தில் நான்கு பாடத்தில் ஒன்று போயிற்று. அறையில் தனியாக உட்கார்ந்து அழுதாள், வீட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் அதை எழுதித் தேறினாள். அதையும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறாள். அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறாள். அண்ணனோடும் பேசுகிறாள். கல்லூரிக்குத் திரும்பும் நாளில், ஆறு மணிக்கு ரயில் என்று அவன் சொன்னால் சரி என்று தலையாட்டுவாள். நிலையத்துக்குப் போனதும், அங்கே உள்ள ரயில் நேரப் பலகையைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்வாள்.