வடக்குப் பார்த்த சோலார்

ஜெயிக்கிற கேஸ் வந்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று என் மனைவி கேலி செய்வாள். 1994இல் சௌந்தரபாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஆபீஸ் படியேறிய அன்றும் அப்படித்தான் இருந்திருப்பேன். இராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் அவர் மேஸ்திரி. மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் மாட்டி ஒரு வருடமாகியும் குழாயில் வெந்நீர் வரவில்லை. மாட்டிக் கொடுத்த மதுரைக் கம்பெனி எத்தனை கடிதம் போட்டும் வாயைத் திறக்கவில்லை.

“மூணு வழி இருக்கு. இலவசமாச் சரிசெய்யச் சொல்லலாம். புதுசு கேக்கலாம். இல்லேன்னா பணத்தைத் திருப்பி வாங்கி, நஷ்டஈடும் கேக்கலாம்” என்றேன்.

“பணமெல்லாம் வேண்டாம் சார். வெந்நி வரணும், அம்புட்டுதான். எம் பொண்டாட்டிக்கு வாதம். விரலெல்லாம் மடங்கிப்போச்சு. காலையில வெந்நியில முக்கினாத்தான் விரியுது. பானையத் தூக்க அவளால ஏலாது. நான் விடியமுன்ன மில்லுக்குப் போயிருதேன்.”

நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டேன். விசாரணைக்கு முன்னால் வீட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடி ஏறியதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சூரியன் தெற்கே சாய்ந்து நிற்க, சோலார் தகடு வடக்கே பார்த்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

“எந்த முட்டாள் இதை மாட்டினான்? வெயில் எப்படி விழும்? கேஸ் ஜெயிச்சாச்சு!” என்றேன்.

சௌந்தரபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டார். “கம்பெனியில இருந்து சங்கிலிப்பாண்டின்னு நம்ம பக்கத்து ஆளுதான் வந்தான். மொதல்ல தெக்க பாத்துதான் வச்சான். இவ அழுது திருப்ப வச்சிட்டா. எமன் திசைன்னு சொன்னதும் அவனும் மறுபேச்சுப் பேசல. இப்படி வச்சா வெந்நி வராதுன்னு எங்களுக்குத் தெரியாது சார்.”

கீழே கூட்டிப்போய்ப் பின்கட்டைக் காட்டினார். தெற்குப் பார்த்த வாசல் ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வாசல் வைத்த வருடம்தான் அவர்களுடைய ஒரே மகன் காய்ச்சலில் போனானாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காய்ச்சலுக்கும் கதவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கத்திவிட்டேன். அவர் மனைவி இசக்கியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

விசாரணையன்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஜனங்களுக்குத் தெரியாது, சரி. விஷயம் தெரிந்த கம்பெனி ஆள் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பி மாட்டிவிட்டுப் போனது சேவைக் குறைபாடு இல்லையா என்று வாதாடினேன். மன்றத் தலைவர் இரண்டு தரப்பையும் பார்த்துச் சிரித்தார்.

“எதுக்கு இழுத்தடிக்கணும்? கம்பெனி தன் செலவில் இந்த வாரமே தெற்கே திருப்பி மாட்டித் தரட்டும். வெந்நீர் வந்துவிடும். சம்மதமா?”

கம்பெனி வக்கீல் உடனே தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சௌந்தரபாண்டியன் மட்டும் திரும்பி, பின்பெஞ்சில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

“ஏட்டி, சரின்னு சொல்லு. ஒங் கைக்குத்தான கேக்கோம்.”

இசக்கியம்மாள் எழுந்து தலைவரைப் பார்த்துப் பேசினாள்.

“வேண்டாம்யா. எனக்குப் பச்சத்தண்ணியே போதும். ஒருக்கா தெக்க தொறந்து எம் புள்ளயக் குடுத்தேன். இனி குடுக்க இவிய ஒருத்தருதான் மிச்சம் இருக்காவ.”

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டேன். வெளியே மன்றத்து வாசலில் சௌந்தரபாண்டியன் அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதார்.