முன் டயர் இருக்கட்டும்

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்து ரோட்டில் ஒரு வளைவு, போன மழையில் பாதியாகப் பிளந்து ஓடைக்குள் சரிந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பஸ் நின்றுபோனது. மிச்சமிருந்த பாதியில் மனுஷர் நடக்கலாம், மோட்டார் சைக்கிள் போகலாம், த்ரீவீலைத் துணிந்தவன் கொண்டுபோகலாம். அளவு நாடாவோடு வந்து அளந்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை.

ஷிரானிக்குக் கைக்காவலயில் வேலை. மிளகும் கராம்பும் ஏலமும் புடைத்துப் பொதி கட்டுகிற ஸ்டோர். பஸ் இல்லாமல் முதல் வாரம் முழுக்க இரத்தோட்டை வரைக்கும் நடந்து, அங்கிருந்து பஸ் நெரிசலில் தொங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் பிந்திப்போய்ப் பேச்சு வாங்கினாள். அவளுடைய கணவன் ஜெயகாந்த் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் விடிந்ததும் தாவாரத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த தன் சைக்கிளை அவனே உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அந்தப் பத்தடி தூரத்துக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இதில போ," என்றான். "கலேவெலயில ஒங்க அப்பா சைக்கிள்ல வயல் ரோட்டு முழுக்கச் சுத்தினவதானே நீ."

அது மலையேறுகிற சைக்கிள். கல்யாணம் கட்டும்போது ஜெயகாந்த் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியாக, அவர்களைச் சைக்கிளில் ரிவர்ஸ்டன் மேட்டுக்கு ஏற்றி, மறுபக்கம் லக்கல வரைக்கும் இறக்கிவிடுகிற வேலை செய்துகொண்டிருந்தான். அந்தச் சுற்றுலாக் கம்பனி பழைய சைக்கிள்களை விற்றபோது தன்னுடையதை அவனே வாங்கிக்கொண்டான். காற்றடிக்கிற அந்த மேட்டில், பனியில் முன்னால் போகிறவன் முதுகு தெரியாத நேரத்தில்கூட அவன் சீட்டி அடித்துக்கொண்டு போவானாம். கூடப் போனவர்கள் சொல்லி ஷிரானி கேட்டிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. மூச்சு மட்டும் திரும்பவில்லை. கண்டியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இருதயம் பெருத்துச் சோர்ந்துவிட்டது, இனி மலை ஏறக்கூடாது என்றார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளுடைய சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. அவன் வாசலில் உட்கார்ந்து, ஓடாத சைக்கிளின் சங்கிலிக்கு வாரா வாரம் எண்ணெய் போட்டான்.

அந்தச் சைக்கிளில்தான் ஷிரானி வேலைக்குப் போகத் தொடங்கினாள். இறக்கத்தில் சுகமாக இருந்தது. ஏற்றத்தில் உயிர் போனது. சேற்றையும் கல்லையும் கவ்வுவதற்காகப் பல் பல்லாக வார்த்த தடித்த டயர்கள், வழுவழுப்பான காபட் தார் ரோட்டில் பசை பூசியதுபோல் ஒட்டி இழுத்தன. போகும் வழியெல்லாம் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். சாயங்காலம் வந்ததும் தொடைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது மண்ணுக்குள்ள டயர், ஷிரானி. தாரில ஓட்டினா ஒன்னோட பலத்தத்தான் தின்னும். மாத்தளைக்குக் கிளினிக் போற அன்னைக்குப் பலீல் நானாட சைக்கிள் கடைக்குப் போய் ரோட்டு டயர் பாத்துட்டு வருவோம்."

"இப்ப என்ன அவசரம்? இதுவே நல்லாத்தான் இருக்கு."

அவசரம் என்ன என்று அவனும் சொல்லவில்லை.

கிளினிக் நாளன்று சக்கரங்களை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். அவன் இடம் சொல்ல, அவள் நட்டைத் தளர்த்தினாள். ஜெயகாந்தின் பெரியப்பா மகன் ராஜநாயகம் த்ரீவீல் கொண்டுவந்தார். ஆளுக்கொரு சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு மாத்தளைக்கு இறங்கினார்கள். உடைந்த வளைவில் ராஜநாயகம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார்.

கிளினிக்கில் மருந்து கூட்டித் தந்தார்கள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பலீலின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒடுக்கமான சந்தில் இருந்தது. ஜெயகாந்தைக் கண்டதும் பலீல் முகம் ஒரு கணம் மாறியது. மெலிந்த ஆளைக் கண்ட அதிர்ச்சி. உடனே அதை மறைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. நின்டு பேசத் தேவல்ல. தங்கச்சி, நீங்களும் இருங்கோ."

"டயர் ஒரு சோடி வேணும் நானா. இருபத்தாறு இஞ்சி. இவங்க ஓட்டத்தான். முழுக்கத் தார் ரோட்டு. ஒரு எடத்துல மட்டும் ஜல்லி."

பலீல் மூன்று விதம் எடுத்துப் போட்டார். முதலாவது மெல்லிசு, ஒரு பல்லும் இல்லாத வழுவழு டயர். "இது பறக்கும். ஆனா தங்கச்சிட ரோட்டுக்கு ஒத்துவராது. குழியில விழுந்தா ரிம்முக்கு அடி." இரண்டாவது வெளிநாட்டுச் சாமான், உள்ளே ஆணி ஏறாத பட்டி வைத்தது. விலையைச் சொன்னதும் ஷிரானி அதைத் தொடவேயில்லை. மூன்றாவது இங்கே செய்தது. நடுவில் ஒரே கோடாக வழுவழுப்பு, இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன வெட்டு.

"மழைக்கு வழுக்காதா?" என்று ஷிரானி கேட்டாள்.

"சைக்கிளுக்குத் தாரில ரப்பர் நல்லாப் படிஞ்சாப் போதும். பல்லு தேவல்ல. மழை நாளைக்குக் காத்தக் கொஞ்சம் கொறச்சுக் கொள்ளுங்கோ."

ஜெயகாந்த் மூன்றாவதைக் கையில் எடுத்தான். ஓரத்தை மடித்து, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நகத்தால் அழுத்தினான். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். "இது ரொம்ப நாள் வெயில்ல கெடந்தது நானா. புதுசு காட்டுங்க." பலீல் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அந்த நேரம் அவன் பழைய ஜெயகாந்தாக இருந்தான். ஷிரானி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலீல் வேறொரு சோடி கொண்டுவந்ததும் அவன் கேட்டான்:

"இது எத்தன வருஷம் போகும்?"

"பாத்து ஓட்டினா மூணு நாலு வருஷம்."

"பஞ்சர் லேசில ஆகாதே? ஒட்டுறதுக்கு வீட்டுல ஆள் இருக்காது."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். பலீல் குனிந்து சக்கரத்தின் காற்றைத் திறந்துவிட்டார்.

"ஒண்ணு போதும்," என்றாள் ஷிரானி.

"என்ன?"

"பின் டயர மட்டும் மாத்துங்க நானா. முன் டயர் இருக்கட்டும். ரெண்டு வாங்குறதுக்குச் சல்லியும் பத்தாது." அவள் ஜெயகாந்தைப் பார்க்காமல் பேசினாள். "இவருக்குச் சொகமானா மறுபடியும் அந்தப் பழசப் பின்னுக்குப் போட்டுக்கலாம். ரெண்டையும் கழட்டிட்டா அப்பறம் என்ன பண்றது?"

சல்லி பத்தாது என்பது பொய். முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசு இரண்டுக்கும் காணும். ஜெயகாந்துக்கு அது தெரியும். அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு பலீலிடம், "அவ சொல்றபடியே செய்ங்க நானா," என்றான்.

"முன்னுக்குப் பல்லு, பின்னுக்கு வழுவழுப்பு, அப்பிடி ஓட்டுற ஆக்களும் ஈக்கிறாங்கதான்," என்றார் பலீல், யாரையும் பார்க்காமல்.

கழற்றிய பழைய டயரை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

அதற்குப் பிறகு ஏற்றம் கொஞ்சம் இலேசானது. பாரம் அழுத்துகிற பின் சக்கரம் இழுக்காமல் ஓடியது. முன் சக்கரம் மட்டும் இரைந்துகொண்டே போனது. சாயங்காலம் அந்த இரைச்சல் கேட்டதும் ஜெயகாந்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பான். சில மாதங்களில் அதுவும் முடியாமல் போனது. கால் இரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினான். அவன் எதையாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஷிரானிக்கு ஒரு வேலை வந்துவிடும். தண்ணீர் பிடிக்கப் போவாள், விறகு பிளப்பாள், கோழியை விரட்டுவாள்.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சிங்களத்தில், மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி சொன்னார். மருந்தால் செய்யக்கூடியது முடிந்துவிட்டது. வீட்டில் சந்தோஷமாக வைத்திருங்கள். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, மர வாங்கில் உட்கார்ந்திருந்தவனிடம், "அதே மருந்துதானாம்," என்றாள். அவன் "சரி" என்றான்.

அந்த வாரம் முழுக்க அவள் வேலைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தாள். சம்பள நாளன்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கைக்காவலயிலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பாமல் மாத்தளைக்குச் சைக்கிளை மிதித்தாள். ஏன் போகிறாள் என்று பாதி வழிவரைக்கும் அவளுக்கே தெளிவில்லை. கடையின் முன் இறங்கி, ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றாள்.

பலீல் எழுந்து வந்தார். சைக்கிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"முன்னுக்கும் மாத்துவமா தங்கச்சி?"

அவள் தலையாட்டினாள்.

பலீல் முன் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றிய டயரை என்ன செய்வது என்று கேட்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார். காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது சத்தமில்லாமல் சுற்றி ஓய்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பிக்காக நான் அல்லாகிட்ட துஆ கேக்குறன் எண்டு செல்லுங்கோ," என்றார்.

அன்று அவள் வீட்டு வாசலுக்கு வந்து இறங்குகிறவரை ஜெயகாந்துக்குத் தெரியவில்லை. தலையணையில் சாய்ந்திருந்தவன் நிழலைக் கண்டு திரும்பினான்.

"சத்தமே கேக்கல்ல. நீ வந்தது தெரியல்ல எனக்கு." எட்டி முன் சக்கரத்தைப் பார்த்து, "மாத்திட்டியா?" என்றான்.

"ம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குக் கோபமோ என்று பயந்தாள். அவன் கையை மட்டும் நீட்டினான்.

"இங்க வந்து உக்காரு புள்ள. தண்ணி பெறகு பிடிக்கலாம்."

அன்று உட்கார்ந்தாள். இருட்டுகிறவரை பேசினார்கள். தன்னை அம்மாவின் பக்கத்தில் அடக்க வேண்டும், மேல் பக்கம் கல் அதிகம் என்று குழி வெட்டுகிற பையன்களுக்குச் சொல்ல வேண்டும் என்றான். கலேவெலக்கு உன் தங்கச்சி வீட்டோடு போய்விடுவாயா என்று கேட்டான். போகமாட்டேன் என்றாள். "பயமா இருக்கா?" என்று அவள் கேட்டாள். "ராவுல இருக்கு. நீ முழிச்சிருந்தா இல்ல," என்றான். அதற்குப் பிறகு அவள் அழுதாள். அவனும் அழுதான். இரண்டு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து அழுதது அன்றுதான்.

ஆடி மாதக் கடைசியில் மூச்சு ரொம்ப மோசமாகி, மாத்தளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அவள் ஸ்டோர் வேலை முடிந்ததும் சாப்பாட்டுப் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு அங்கே ஓடுவாள். அவன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடமாட்டான். ரோட்டைப் பற்றித்தான் கேட்பான். ஜல்லியில் சறுக்குகிறதா, காற்றுப் பார்த்தாயா, திருத்த ஆள் வந்தார்களா.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். நர்ஸ் அவள் கையிலிருந்து கோப்பையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

காலையில்தான் உடலைத் தருவார்கள் என்றார்கள். ஷிரானி ராஜநாயகத்துக்கு போன் எடுத்தாள். "அண்ணே, அவர் போயிட்டாரு," என்றாள். "வீட்ட தெறந்து வைங்க."

"நீ அங்கயே இரும்மா. நான் வண்டி எடுத்துட்டு வாறேன்."

"வேணாம். நான் சைக்கிள்ல வாறேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் ஏலாது. அவ்வளவுதான்.

மாத்தளைக் கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி மிதித்தாள். சைக்கிள் தன்பாட்டில் ஓடியது. கைக்காவலச் சந்தியில், ஸ்டோரில் கூட வேலை செய்கிற கெத்தரின் பஸ்சுக்கு நின்றுகொண்டு கையாட்டினாள். ஷிரானியும் கையாட்டினாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான், தான் சிரித்துக்கொண்டே கையாட்டியது அவளுக்கு உறைத்தது. அங்கேயே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஹேண்டில் மேல் கவிழ்ந்தாள். லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் மிதித்தாள்.

இரத்தோட்டைக்கு மேலே ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். மலையில் வெளிச்சம் மங்கிவிட்டது. தேயிலைக்கு மேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. உடைந்த வளைவில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. ராஜநாயகம். அவர் அழுதிருந்தார். ஓடிவந்து, "கொடும்மா, நான் தள்ளுறேன்," என்று சைக்கிளைப் பிடித்தார்.

அவள் விடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் அவருமாக, சரிந்த பள்ளத்தை ஒட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். லயத்து வரிசை வீடுகளின் விளக்குகள் தெரிந்தன. வாசலில் உட்கார வாங்குகள் போட்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பெண்கள் எழுந்து வந்தார்கள்.