அருணாச்சலம் மேஸ்திரி திறந்த பெட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊத்துக்கோட்டை காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாராள் பேச ஆரம்பித்தால் சத்தியவேட்டில் கேட்கும் என்று கேலி செய்வார்கள். பொய்யில்லை. அப்படிப்பட்ட நானே ஒரு வாரம் வீட்டில் பேசாமல் இருந்தேன். எழுபத்து மூன்றாம் வருஷம், தை மாதம். என் வீட்டுக்காரர் முதலாளியின் பிக்கப் வண்டியை ஏரிக்கால்வாய்க்குள் இறக்கிவிட்டு, நெற்றியில் ரத்தத்தோடு வந்து நின்ற வாரம் அது.

முதலாளி துளசிராமனுக்கு ஊத்துக்கோட்டையில் கடலை எண்ணெய் மில். நான் அங்கே கடலை உடைக்கப் போவேன். என் வீட்டுக்காரர் சின்னராசு அங்கே டிரைவர். எண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரை கடை கடையாக இறக்கிவிட்டு வருவார். அவரைப்போல வண்டி ஓட்ட அந்தப் பக்கத்தில் ஆளில்லை. அதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பிறகு பிடிக்க முடியாது.

ஒரே ஒரு குறை இருந்தது. சர்க்கார் சாராயக் கடையைத் திறந்தபோது இவரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அரை வருஷம் என்னைப் படாத பாடு படுத்தினார். அப்புறம் ஒரு ஈஸ்டர் அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்றார். ஒன்பது மாதம் தொடவில்லை. நான் ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கொண்டே வந்தேன். நம்பி எண்ணினேனா, பயந்து எண்ணினேனா என்று கேட்டால், பயந்துதான்.

நடந்தது இதுதான். பட்டப்பகல். ஏரிக்கரை வளைவில் இவர் இடது பக்கம் ஒடித்திருக்கிறார். ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வரவே இல்லையாம். இரண்டு கையாலும் இழுத்தும் அசையாமல், வண்டி இடது பக்கமாகவே போய்க் கால்வாயில் இறங்கிவிட்டது. டின்கள் உடைந்து தண்ணீர் முழுக்க எண்ணெய் மிதந்தது. ஆள் உயிரோடு இருக்கிறானா என்று பார்ப்பதற்கு முன்னால் ஜனங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்? அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நெற்றியைப் பார்க்காமல் முதலில் வாயைத்தான் மோந்து பார்த்தேன். வெற்றிலை வாசனை வந்தது. சாராய வாசனையை மறைக்கத்தான் வெற்றிலை என்று என் புத்தி சொன்னது. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் குடிக்கவில்லை என்றார். அதற்கப்புறம்தான் பேச்சை நிறுத்தினேன்.

முதலாளியும் நம்பவில்லை. அவர் கால்வாய்க்கே போய், கவிழ்ந்த வண்டிக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். அது நன்றாகத்தான் திரும்பியது. போதாதா? குடித்துவிட்டு ஓட்டினான் என்று போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போன டிரைவர் என்னோடு உட்கார்ந்து கடலைதான் உடைக்க வேண்டும். ஆனாலும் துளசிராமன் அவசரக்காரர் இல்லை. வண்டியைக் கட்டி இழுத்துக் கும்மிடிப்பூண்டியில் அருணாச்சலம் மேஸ்திரியின் ரிப்பேர் ஷெட்டில் விட்டார். மேஸ்திரி பார்க்கட்டும், ஸ்டியரிங்கில் கோளாறு இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நேராக ஸ்டேஷன்தான் என்றார்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஸ்டியரிங்கை மூன்று மாதத்துக்கு முன்னால் சரி செய்து கொடுத்ததே அருணாச்சலம் மேஸ்திரிதான்.

"தான் செஞ்ச வேலைய தானே தப்புன்னு எவன்யா சொல்லுவான்?" என்றார் என்னிடம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வரச்சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பினார். முதலாளி வரவேண்டும், டிரைவரும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போனேன்.

மேஸ்திரி ஷெட் கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது. எந்நேரமும் ஐந்தாறு லாரியாவது நிற்கும். ஆள் ஒல்லி, ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. அவரைப்பற்றி டிரைவர்கள் ஒரு விஷயம் சொல்லிச் சிரிப்பார்கள். எந்த நட்டை இறுக்கினாலும், நட்டும் அதன் பக்கத்து இரும்பும் சேர்ந்தாற்போல் ஒரு சொட்டு சிவப்புப் பெயிண்ட் வைத்துத்தான் வண்டியை அனுப்புவார். வேறு எவனாவது நட்டைத் திருகினால் அந்தப் பெயிண்ட் உடைந்துவிடும். அப்புறம் வந்து இவர்மேல் பழி போட முடியாது. மேஸ்திரி பொட்டு என்று அதற்குப் பேர். என்ன கெட்டிக்காரத்தனம் என்று நான்கூட நினைத்திருக்கிறேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த மனுஷன், நமக்காகவா பேசப் போகிறார்?

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் இரும்பு ராடைக் கழற்றிவிட்டார், சக்கரத்தின் இழுப்பு சேராமல் ஸ்டியரிங்கை மட்டும் பார்க்க. முதலாளியை ஏறி உட்காரச் சொன்னார். அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றினார். சுலபமாகச் சுற்றியது. முதலாளி என் வீட்டுக்காரரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மேஸ்திரி மெதுவாக, இன்னும் ஒரு தடவை, இடது பக்கம் என்றார். முதலாளி சுற்றினார். மூன்றாவது தடவையில் கை நின்றுவிட்டது. இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கடக்கென்று ஒரு சத்தம் கேட்டு, விட்டது.

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். டீக்கடையிலிருந்து நாலைந்து லாரி டிரைவர்கள் எழுந்து வந்து நின்றிருந்தார்கள். அவர் கண் என்மேல் வந்தது. நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னையும் ஏறிப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தேன். நாலைந்து தடவை ஒன்றுமில்லை. அப்புறம் சட்டென்று உள்ளேயிருந்து யாரோ கவ்விக்கொண்டது போல நின்றது. என் பலத்தையெல்லாம் போட்டும் அசையவில்லை. வளைவில், எண்ணெய் பாரத்தோடு ஓடும் வண்டியில் இவர் கையிலும் இப்படித்தானே நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

என் வீட்டுக்காரரை மட்டும் அவர் ஏறச் சொல்லவில்லை. இவர் ஏறினால் நடிக்கிறான் என்று எவனாவது சொல்வான் என்று மேஸ்திரிக்குத் தெரியும்.

பிறகு பானெட்டைத் தூக்கி, கீழே இருந்த, பல்சக்கரங்கள் அடங்கிய ஸ்டியரிங் பெட்டியைத் துணியால் துடைத்தார். மூடியின்மேல் ஒரு திருகாணி, அதன்மேல் ஒரு நட்டு. நட்டின்மேல் சிவப்புப் பொட்டு. கீறல்கூட இல்லை.

"இத நல்லா பாருங்க மொதலாளி," என்றார். "பொட்டு ஒடையல. எனக்கப்புறம் ஒருத்தரும் கை வெக்கல. இறுக்கினது நான்."

எல்லாரும் பார்த்த பிறகுதான் நட்டில் ஸ்பானரைப் போட்டார். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்பு கிரீசை ஒரு எனாமல் தட்டில் வழித்தார். விரலால் தடவித் தடவி, நகத்தில் பாதி அளவு ஒரு இரும்புச் சில்லை எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. அந்தச் சில்லு கிரீசில் சுற்றிக்கொண்டே இருந்து, பல்லுக்கு நடுவே வந்தபோதெல்லாம் ஸ்டியரிங்கைக் கவ்வியிருக்கிறது.

"வண்டி நேராவே ஓடுறதால பெட்டி நடுவுலதான் தேஞ்சி ஆட்டம் குடுக்கும்," என்றார். "நடுவுக்குத் தக்க இறுக்கினா ஓரத்துல கவ்வும், பல்லு ஒடையும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. மாத்த வேண்டிய பெட்டின்னு தெரிஞ்சிக்கினே இறுக்கிக் குடுத்தேன். தப்பு என்னுது. சின்னராசு மேல ஒண்ணும் கெடயாது."

இதைச் சொன்னபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் யார் முன்னால் சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சோறு போடும் லாரிக்காரர்கள் முன்னால் சொன்னார். அந்த வண்டி ஒரு வாரம் அவர் ஷெட்டில் கிடந்தது. அந்தத் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, கிரீசைத் துடைத்துவிட்டு, புதுசாக ஒரு பொட்டு வைக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். யாருக்குத் தெரியப் போகிறது? அந்த இரண்டு நிமிஷத்தில் எங்கள் குடும்பம் முடிந்திருக்கும். பெரிய மனுஷன் பெரிய மனுஷன் என்று எவன் எவனையோ சொல்கிறோம். நான் கண்ணால் பார்த்த பெரிய மனுஷன் அவர் ஒருத்தர்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐப்பசியிலேயே பெட்டியை மாற்றச் சொல்லி மேஸ்திரி சொன்னதும், சீசன் முடியட்டும் என்று முதலாளி தள்ளிப்போட்டதும் என் வீட்டுக்காரர் அப்போதே சொல்லி எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்காமல் வாயை மோந்து பார்த்தவள்தான் நான். இப்போது அதைச் சொல்வார், சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவே இல்லை. எனக்கு நாக்கு துடித்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். முதலாளி அந்தச் சில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தானாகவே வாயைத் திறந்தார்.

"சீசன் முடியட்டும்னு சொன்னது நானாச்சே மேஸ்திரி."

அவ்வளவுதான். கம்ப்ளெயின்ட் வேண்டாம், புதுப் பெட்டி மெட்ராசிலிருந்து வரவழைக்கிறேன், சின்னராசே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

பெட்டி வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று. மாட்டுகிற அன்றைக்கு நான் மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு இவரோடு போனேன். ஷெட்டைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எங்கள் பிக்கப்பைத் தவிர ஒரு வண்டியும் இல்லை. ரோட்டில் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. ஸ்டியரிங் வேலையில் தப்பு செய்தேன் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டால் எந்த லாரிக்காரன் வருவான்? மேஸ்திரி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் வேலை செய்ததை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றினார். நீளத் தண்டோடு பழைய பெட்டியை உருவி எடுத்தார். புதுப் பெட்டியைக் கையில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணினார். அதில் சரிபாதி திரும்பி வந்து நிறுத்தினார். அதுதான் நடு. முன்சக்கரங்களும் நேராக இருக்க வேண்டும், பெட்டியும் நடுவில் நிற்க வேண்டும், அப்போதுதான் இரண்டையும் சேர்க்கும் ஆர்ம் என்கிற இரும்புக் கையை மாட்டலாம். நடு தப்பினால் வண்டி ஒரு பக்கம் அதிகமாக ஒடியும், மறுபக்கம் குறையும் என்று இவர் எனக்குச் சொன்னார். மேஸ்திரி எண்ணி முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார். அத்தனை வருஷம் வேலை செய்த மனுஷன், புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி உதட்டை அசைத்து எண்ணியதைப் பார்க்க எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் என்றிருந்தது. கடைசி நட்டை இறுக்கி, பெயிண்ட் டப்பாவைத் திறந்து, வழக்கம்போல் பொட்டு வைத்தார்.

ஸ்டியரிங் வேலை பார்த்த வண்டி முதல் தடவை ரோட்டில் ஏறும்போது அவரும் கூடப் போவார். நாங்கள் இரண்டு பேரும் முன்னால் ஏறினோம். அவர் பின்னால் ஏறி, கேபின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏரிக்கரைக்கே ஓட்டச் சொன்னார்.

போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. சனிக்கிழமையிலிருந்து இவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன். சோறு போடவா, தண்ணி வேண்டுமா என்றெல்லாம் பேசினேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மேஸ்திரி அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தையை என்னால் வீட்டுக்குள் ஒரு ஆளிடம் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

வளைவு வந்தது. இவர் இடது பக்கம் ஒடித்தார். ஸ்டியரிங் போனது, தானாகத் திரும்பி வந்தது. கால்வாய் பக்கத்தில் நகர்ந்து பின்னால் போயிற்று.

"நீ குடிச்சிருப்பேன்னுதான் நெனைச்சேன்," என்றேன். "அந்த ஒரு வாரமும் அப்படித்தான் நெனைச்சிக்கினு இருந்தேன். தப்பு என்னுது."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்மேல் இருந்த தன் கைகளையே பார்த்தார்.

"நீ மட்டுமா?" என்றார். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சி. குடிச்சிப் பழகின கைதானே, நடுங்கியிருக்கும், நமக்குத்தான் தெரியலன்னு நெனைச்சிட்டேன். மேஸ்திரி மட்டும் வாயத் தொறக்கலன்னா, ஸ்டேஷன்ல நானே ஒத்துக்கினு இருப்பேன் சாரா."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வண்டி ஏன் நின்றது என்று தெரியாமல் மேஸ்திரி மேலே இருந்து குனிந்து, எங்கேயாவது பிடிக்கிறதா என்று கேட்டார்.

"எங்கயும் புடிக்கல மேஸ்திரி," என்று சொல்லிவிட்டு, இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டார்.