பதினாறாவது மணி

நஸ்ரி பிறந்த வெள்ளிக்கிழமை, கிண்ணியாவில் அலியார் வீட்டு விறாந்தையில் தொங்கிய நைலோன் கயிற்றில் தாமாகவே முடிச்சுகள் விழுந்தன. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம் என்று நான்கு நிறம். மொத்தம் நானூற்று நாற்பத்து நான்கு முடிச்சு. பிறகு மாதம் ஒருமுறை முற்றத்து மணலிலிருந்து மணிகள் உருண்டு வந்தன. கயிற்றின் மேல்முனையிலிருந்து மூன்று முடிச்சுக்கு ஒரு மணியாக ஏறி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. இருபது வகை மணி. எந்த மூன்று நிறத்துக்கு எந்த மணி என்பது ஒருநாளும் மாறவில்லை. பதினைந்து மணி சேர்ந்ததும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மூன்று முடிச்சு வரும். அதற்கு மணி கிடையாது. கோத்த பதினைந்தும் சிமெந்துத் தரையில் கொட்டும். அந்தக் கிழமைக்குள்ளேயே நஸ்ரியின் உதடு வெளுக்கும். தாய் ஷிஃபானா அவனை இரத்தம் ஏற்றக் கொண்டுபோவாள். நான்கு வருடம் இப்படிப் போனது. ஐந்தாம் வருடம் பிள்ளையின் கையில் ஊசி குத்த நரம்பு அகப்படவில்லை.

ஷிஃபானாவின் வாப்பா அலியார் நாற்பது வருடம் கிழிந்த மீன்வலை பொத்தியவர். பிழை முடிச்சைக் கண்டால் அறுத்தெடுத்து, இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்ப்பது அவர் கைப்பழக்கம். மகள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேரம், மணி ஏறாத அந்த மூன்றின் நடுக் கறுப்பு முடிச்சை அறுத்துவிட்டார். மணிகள் பதினைந்தைத் தாண்டின. ஆனால் அதன்பின் வந்தவை வரவேண்டிய வகையல்ல. மாலை முறுகி, உப்புக்கட்டிபோல் உதிர்ந்தது. காலில் நரம்பு தேடி இரத்தம் ஏற்றியும் மூன்றே நாளில் நஸ்ரி நடக்கமாட்டாமல் படுத்தான்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த ஷிஃபானா, போனில் தேடியெடுத்த ஹீமோகுளோபின் மரபணுவின் சரியான வரிசையைக் கயிற்றோடு ஒப்பிட்டாள்.

“வலையில ஒரு முடிச்சு குறைஞ்சா இழுத்துக் கட்டலாம், வாப்பா. இது மூண்டு மூண்டா வாசிக்கிற கயிறு. ஒண்டு குறைஞ்சா அங்கால உள்ள அவ்வளவும் தள்ளிப்போகும்.”

அலியார் தலை நிமிரவில்லை. “அப்ப அதே கறுப்பத் திருப்பிக் கட்டவா?”

“கறுப்பெண்டா பழையபடி நிண்டுடும். சிவப்புக் கட்டுங்க.”

கட்டாரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருசன் அஷ்பாக், எண்ணிப் பார்த்தீர்களா மாமா என்று மூன்றாம் தரமும் கேட்டான்.

“சும்மா இருங்க மருமகன்.”

முடிச்சு இறுகியது. மணிகள் வரத் தொடங்கின. பதினான்கு, பதினைந்து. வெள்ளை, சிவப்பு, சிவப்பு. முற்றத்தில் எதுவும் அசையவில்லை. நஸ்ரியின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கிணற்றடிப் பக்கமிருந்து, இருபது வகையிலும் பெரிய மணி ஒன்று மெதுவாக உருண்டு வந்து பதினாறாவதாக ஏறியது. அதன்பின் நூற்று நாற்பத்தேழு வரை எதுவும் நிற்கவில்லை. கடைசி மூன்று முடிச்சில் மாலை கயிற்றைவிட்டு இறங்கியது, முதல் மணியைத் தானே கழற்றிப் போட்டது, பொத்திய கைபோல் சுருண்டது. மூன்றாம் நாள் நஸ்ரி எழும்பிச் சோறு கேட்டான்.

ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் இரத்தம் தேவையில்லை என்றார்கள். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார்கள். உடுப்புக் காயப்போடும்போது வீட்டார் கயிற்றில் தலை படாமல் குனிந்து போகிறார்கள். கழன்று விழும் அந்த முதல் மணியை ஷிஃபானா மாதாமாதம் குப்பையோடு கூட்டி முற்றத்து மணலில் தள்ளிவிடுகிறாள்.